பாவசங்கீர்த்தனம்: முன் ஆயத்தமும் பின் கடமையும் – யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு

யாழ்ப்பாணத்துப் பங்குகளில் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, புதிதாக வருவோர் பலவகையினர். வளர்ந்த வயதில் ஞானஸ்நானம் பெற்றுச் சில மாதங்களே ஆனவர்கள் இருக்கிறார்கள். முதல் நன்மை வாங்கிய காலத்தோடு அந்தப் பழக்கத்தைக் கைவிட்டு, கலியாணத்தை முன்னிட்டோ பிள்ளையின் உறுதிப்பூசுதலை முன்னிட்டோ மறுபடியும் போகவேண்டி வந்தவர்களும் இருக்கிறார்கள். யூலை, ஓகஸ்ட் விடுமுறையில் கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ ஊருக்கு வந்து, செபங்களைத் தமிழில் சொல்லத் தெரியாமல் கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் இளவயதினரையும் சேர்த்துக்கொள்ளலாம். இவர்கள் எல்லோரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: உள்ளே போய் என்ன சொல்லவேண்டும்? அதற்குரிய விடை எளிது. கீழே அது வருகிறது. ஆனால் கோயிலுக்குள் நடப்பது பத்து நிமிட வேலை. அதற்கு முந்திய ஆயத்தமும் பிந்திய கணக்குத் தீர்த்தலும்தான் பலருக்குத் தெரியாமலோ, தெரிந்தும் செய்யப்படாமலோ போகின்றன. ஆகவே அவற்றுக்கே இங்கு அதிக இடம் கொடுக்கப்பட்டுள்ளது.

யார் போகலாம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தனம் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு உரிய அருட்சாதனம். இன்னும் ஞானஸ்நானம் பெறாதவர், அதற்கு ஆயத்தமாகும் காலத்தில் தம் பழைய பாவங்களைக் குருவிடம் சொல்லவேண்டியதில்லை; அவற்றையெல்லாம் ஞானஸ்நானமே போக்குகிறது. வேறொரு கிறிஸ்தவ சபையில் செல்லுபடியான ஞானஸ்நானம் பெற்று, பின்னர் கத்தோலிக்கராகச் சேர்பவர் மறுபடியும் ஞானஸ்நானம் பெறுவதில்லை. சேர்த்துக்கொள்ளப்படுவதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்கிறார். கோயிலில் கலியாணம் முடிக்காமல் குடும்பம் நடத்துவோர், விலகிப்போகாமல், வரிசையில் நிற்பதற்கு முன் ஒருநாள் பங்குத்தந்தையிடம் தம் நிலைமையை எடுத்துச்சொல்வது நல்லது. அநேகமாக வழி இருக்கும். தென்னிந்தியத் திருச்சபை, அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளைச் சேர்ந்தவர்கள் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையைச் சிறுவயது முதல் அறிவார்கள். அவர்களுக்கு இக்கட்டுரையின் நடுப்பகுதி பொருந்தாமற் போகலாம். முன்பகுதியும் பின்பகுதியும் அவர்களுக்கும் உரியவையே.

நேரமும் இடமும் பெரிய சிக்கல் அல்ல. பெரும்பாலான பங்குகளில் பூசைக்கு முன்னர் குருவானவரைக் கேட்கலாம். தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும், ஊர்த் திருவிழாவுக்கு முந்திய நவநாட்களிலும் அயற்பங்குக் குருக்களும் வந்து அமர்வார்கள். ஆனால் முதன்முறை போகிறவர், அல்லது நெடுங்காலத்துக்குப் பிறகு போகிறவர், திருவிழாக்கால வரிசையைத் தவிர்ப்பதே மேல். பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது எந்தக் குருவாலும் ஆறுதலாகக் கேட்கமுடியாது. உங்களாலும் ஆறுதலாகச் சொல்லமுடியாது. ஒரு சாதாரண வாரநாளில் அறைவீட்டுக்கு (பங்குத்தந்தை தங்கும் வீட்டுக்கு) போய், "பாதர், பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும், கொஞ்சம் நேரம் எடுக்கும், எப்போது வரலாம்?" என்று கேட்டு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்பவரை ஒரு குரு அரிதாகவே மறுப்பார்.

அடுத்தது பயம். நம் ஊர்களில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். பங்குத்தந்தை அப்பாவோடு ஒரே பாடசாலையில் படித்தவராக இருப்பார். பாடகர் குழுவில் நீங்கள் பாடுவதை ஒவ்வொரு ஞாயிறும் பார்ப்பவராக இருப்பார். அவரிடம் போய் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் இயல்பானது. திருச்சபைச் சட்டம் இந்தப் பயத்துக்குச் சிறிதும் இடம் வைக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எக்காரணத்துக்காகவும், எவருக்காகவும், பேச்சாலோ சாடையாலோ வெளிப்படுத்தக்கூடாது. கேட்டறிந்ததை உங்களுக்குப் பாதகமாகப் பயன்படுத்தவும் கூடாது. நேரடியாக அதை மீறும் குரு அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாகிறார். வரிசையில் நின்று தற்செயலாக ஏதும் காதில் விழுந்தவருக்கும், மொழிபெயர்த்தவருக்கும் அதே இரகசியக் கடமை உண்டு. இவ்வளவு இருந்தும் உங்கள் பங்குத்தந்தையின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் வேறு பங்குக்குப் போங்கள். பஸ் ஏறி யாழ் நகரத்து மரியன்னை பேராலயத்துக்கோ, பாஷையூர் அந்தோனியாரிடமோ போவதில் எந்தக் குறைவும் இல்லை. மறைப்புத் தட்டிக்கு அப்பால் முழந்தாளில் இருந்தும் சொல்லலாம், நேருக்கு நேர் அமர்ந்தும் சொல்லலாம்.

"எத்தனையோ வருடமாயிற்று, இனி எந்த முகத்தோடு போவது" என்று சொல்பவர்களுக்கு யாழ்ப்பாணத்துச் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் 1687இல் கூலியாள் வேடத்தில் வந்து சேரும்வரை, ஏறத்தாழ முப்பது வருடங்கள், இங்கிருந்த விசுவாசிகளுக்கு நிலையான குரு ஒருவர் இருக்கவில்லை. அவர் சில்லாலையில் மறைந்திருந்து இரவுகளில் அருட்சாதனங்களை நிறைவேற்றியபோது அவரிடம் வந்தவர்களில் பலர், ஒருமுறைகூடப் பாவசங்கீர்த்தனம் செய்யாமலே நடுத்தர வயதை எட்டியவர்களாக இருந்திருப்பார்கள். 2015ஆம் ஆண்டு யனவரி 14ஆம் நாள் கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்ட அவரை நாம் கொண்டாடுகிறோம். அவரைத் தேடி இருட்டில் நடந்து வந்தவர்களைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆத்தும சோதனை

இதுதான் உண்மையான வேலை தொடங்கும் இடம். ஒரு மாலையை ஒதுக்குங்கள். கைத்தொலைபேசியை வேறு அறையில் வையுங்கள். பரிசுத்த ஆவியிடம் ஒளி கேட்டு மன்றாடியபின், பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். செபப்புத்தகங்களின் பின்பக்கத்தில் ஆத்தும சோதனைக்கான கேள்விகள் அச்சிடப்பட்டிருக்கும், அவை உதவும். ஆயினும் அவற்றை அப்படியே பின்பற்றுவோர், "கோபப்பட்டேன், பொய் சொன்னேன், பூசைக்குப் போகவில்லை" என்ற மூன்று வாக்கியங்களோடு எழுந்துவிடுவதையே அதிகம் காண்கிறோம். எங்கள் ஊரில் பாவம் வேறு இடங்களில் குடியிருக்கிறது.

காணி எல்லையை நினைத்துப் பாருங்கள். வேலி அடைக்கும் ஒவ்வொரு முறையும் கதியாலை ஒரு சாண் அப்பால் தள்ளி நட்டுக்கொண்டே போய், பத்து வருடத்தில் அயலவரின் அரைப் பரப்பை விழுங்கியவர் களவு செய்தவரா இல்லையா? பங்குக் கிணற்றில் மற்றவருடைய முறையில் தண்ணீர் இறைத்ததும், வழிப்பாதையை மறித்ததும் எந்தக் கட்டளையின்கீழ் வரும்? வெளிநாட்டில் உள்ள சகோதரன் தாய் தகப்பனின் மருந்துக்கு என்று அனுப்பிய காசில் கை வைத்தது, சீட்டுக் காசை எடுத்தபின் கட்டாமல் விட்டது, தங்கைக்கு எழுதுவதாகச் சொன்ன காணி உறுதியைத் தன் பெயருக்கு முடித்தது ஆகியவையெல்லாம் ஏழாம் கட்டளைக்குள் அடங்கும். சீதனத்தில் குறை சொல்லி மருமகளை வருத்துவது ஐந்தாம் கட்டளையையும் தொடுகிறது. ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டதை உண்மையா என்று பாராமல் வட்ஸ்அப்பில் அனுப்பியவர் எட்டாம் கட்டளைக்குப் பதில் சொல்லவேண்டும். செய்தி உண்மையாகவே இருந்தாலும், தேவையின்றி ஒருவரின் மறைவான குற்றத்தைப் பரப்புவது பாவமே என்று திருச்சபை போதிக்கிறது.

சாதியைத் தனியாகக் குறிப்பிடவேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதைப் பாவமாகக் கருதி ஆத்தும சோதனைப் பட்டியலில் சேர்ப்பவர் குறைவு. ஒரே பந்தியில் நற்கருணை வாங்கிவிட்டு, வீட்டில் வேறு கோப்பையில் தேநீர் கொடுப்பவர், அல்லது பிள்ளையின் விருப்பத்தைச் சாதி பார்த்து முறித்துவிட்டு அதைக் குடும்ப மானம் என்று சொல்பவர், அதைப் பழக்கவழக்கம் என்ற தலைப்பின்கீழ் ஒளித்து வைக்கிறார். சேமக்காலையில்கூட இடம் பார்த்துப் புதைத்த சமூகம் நாம். இந்த விடயத்தை உள்ளே போய் வாய்திறந்து சொல்வது மிகவும் கடினம், ஆகவேதான் சொல்லவேண்டும்.

செய்யாமல் விட்டவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதிய தாயைத் தொலைபேசியில்கூட விசாரியாதது, நியாயம் தெரிந்திருந்தும் கூட்டத்தில் வாய்மூடி இருந்தது போன்றவை எந்தச் செயலாகவும் நினைவில் நிற்காததால் எளிதில் தப்பிவிடும்.

மறந்துபோகும் என்றால் ஒரு துண்டில் குறித்துக்கொள்ளலாம். பிறர் வாசித்தால் விளங்காதபடி எழுதி, வந்ததும் எரித்துவிடுங்கள். சாவான பாவங்களை, அதாவது பாரதூரமான காரியத்தில், அறிந்தும் மனம் பொருந்தியும் செய்தவற்றை, அவற்றின் வகையோடும் கூடியவரை எண்ணிக்கையோடும் சொல்லவேண்டும். எண்ணிக்கை தெரியாவிட்டால் "கிழமையில் ஒருமுறை என்று இரண்டு வருடமாக" என்பது போன்ற மதிப்பீடு போதும். அற்பப் பாவங்களைச் சொல்வது கட்டாயமல்ல, ஆனால் நல்லது. ஏற்கனவே மன்னிக்கப்பட்ட பாவங்களை ஒவ்வொருமுறையும் மீண்டும் இழுத்து வரத் தேவையில்லை. ஓயாமல் அப்படிச் செய்யத் தூண்டும் மனக்கலக்கம் இருந்தால் அதையே குருவிடம் சொல்லி, ஒரே குருவின் ஆலோசனையைப் பின்பற்றுங்கள்.

உள்ளே நடப்பது

சிலுவை அடையாளம் வரைந்து, "பாதர், என்னை ஆசீர்வதியுங்கள், நான் பாவசங்கீர்த்தனம் செய்து ஏறக்குறையப் பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன" என்று தொடங்குங்கள். முதல்முறை என்றால் முதல்முறை என்றே சொல்லுங்கள். மீதியைக் குரு நடத்திக் கொடுப்பார். உங்களைப் பற்றி ஒரு வரி, கலியாணம் முடித்தவரா, மாணவரா என்பது போன்றது, அவருக்கு உதவும். பிறகு மிகவும் கூச்சமான பாவத்தை முதலில் சொல்லிவிடுங்கள். கடைசிக்கு வைத்தால் அது பெரும்பாலும் சொல்லப்படாமலே போகும். கதையாக விரிக்காதீர்கள், மற்றவருடைய பெயரைச் சொல்லாதீர்கள், "அவர் அப்படிச் செய்ததால்தான் நான்" என்று மனைவியின் அல்லது மாமியின் பாவங்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வராதீர்கள். இது யாழ்ப்பாணத்துக் குருக்கள் அனைவருக்கும் பழகிப்போன குறை என்றே நினைக்கிறேன்.

தமிழ்ச் செபம் வாயில் வராத பிள்ளைகள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சொல்லலாம். மொழி தெரிந்த குருவைக் கேட்டு வைப்பது பெற்றோரின் கடமை. கருக்கலைப்பின் சுமையைப் பல வருடம் தனியே தாங்கியிருக்கும் பெண்கள், அதை எல்லாக் குருக்களாலும் மன்னிக்க முடியுமா என்று கேட்பதுண்டு. 2016இலிருந்து அந்த அதிகாரம் எல்லாக் குருக்களுக்கும் நிலையாகக் கொடுக்கப்பட்டுள்ளது. போர்க்காலத்தில் சாவு கண்முன் நின்றபோது தனித்தனியே பாவங்களைச் சொல்லாமல், குருவிடம் கூட்டமாகப் பொதுவான பாவமன்னிப்புப் பெற்றவர்கள் எவரும் இருந்தால், அந்த மன்னிப்பு உண்மையானதே. எனினும் அப்போதிருந்த சாவான பாவங்களை வாய்ப்புக் கிடைக்கும்போது தனியாகச் சொல்லும் கடமை அவர்களுக்கு உண்டு.

குரு அறிவுரை கூறி, பரிகாரம் ஒன்று கொடுப்பார். செய்ய இயலாததாக இருந்தால் அங்கேயே சொல்லி மாற்றிக் கேட்கலாம். பின்பு உத்தம மனஸ்தாபச் செபத்தைச் சொல்லுங்கள். பாடமில்லாவிட்டால் சொந்த வார்த்தையில் மனம் வருந்துவதாகவும் இனி விலகி நடக்க முயல்வதாகவும் கூறினால் போதும். குரு கையை நீட்டிப் பாவமன்னிப்பு வார்த்தைகளைச் சொல்லி முடிக்கும்போது "ஆமென்" என்று பதில் சொல்லுங்கள். சொல்ல மறந்த பாவமும் மன்னிக்கப்பட்டதே. சாவான பாவமாக இருந்தால் அடுத்தமுறை குறிப்பிடுங்கள். வேண்டுமென்று ஒளித்த சாவான பாவம் இருந்தால் நிலைமை வேறு: அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லாது, அதையும் சேர்த்து மறுபடியும் செய்யவேண்டும்.

பாவத்தின் கணக்கைத் தீர்த்தல்

மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் லூக்கா 19ஆம் அதிகாரத்தில் சக்கேயுவைப் பார்க்கவேண்டும். அவர் மனம் வருந்துவதாகச் சொல்லி நிறுத்தவில்லை. ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். திருச்சபை நான்கு மடங்கைக் கேட்கவில்லை, எடுத்ததைக் கேட்கிறது. களவாடிய பொருளைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதவருக்கு உண்மையான மனஸ்தாபம் இல்லை. கதியாலைப் பழைய இடத்துக்கு நகர்த்தவேண்டும். சீட்டுக் காசைத் தவணையாகவேனும் கட்டவேண்டும். உறுதி எழுதிய காணியை என்ன செய்வது என்பதற்கு நொத்தாரிசைப் பார்க்கவேண்டியிருக்கும். தேசவழமைச் சட்டத்தில் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்ற பிரிவுகள் இருப்பதால், நல்லெண்ணத்தோடு கையெழுத்து வைத்து இன்னொரு சிக்கலை உண்டாக்கிவிடக்கூடாது. உரியவர் இறந்துவிட்டால் அவருடைய உரித்தாளருக்கும், எவரும் இல்லாவிட்டால் ஏழைகளுக்கும் போகவேண்டும். வெளிப்படையாகக் கொடுத்தால் உங்கள் பெயர் கெட்டுவிடும் என்றால், பெயர் தெரியாமல் கொடுக்கலாம். பாவத்தை ஊருக்கு அறிவிக்கும் கடமை உங்களுக்கு இல்லை.

ஒருவருடைய பெயரைக் கெடுத்திருந்தால் அதைத் திருத்துவது காசைத் திருப்புவதைவிடக் கடினம். எந்தக் குழுவில் அந்தச் செய்தியை அனுப்பினீர்களோ அதே குழுவில், "நான் அனுப்பியது உண்மையல்ல, தயவுசெய்து எவருக்கும் அனுப்பாதீர்கள்" என்று எழுதுவதே மிகக் குறைந்த பரிகாரம்.

நேரில் மன்னிப்புக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகும்படி மத்தேயு 5ஆம் அதிகாரம் சொல்கிறது. போகவேண்டியவர் நீங்கள்தான், ஆள் அனுப்புவதல்ல. நம்மூரில் மாமாவையோ பெரியம்மாவையோ தூது விடும் வழக்கம் இருக்கிறது. சில வேளைகளில் அது கதவைத் திறக்கும். பல வேளைகளில் தூது போனவர் ஒழுங்கை முழுவதும் சொல்லிவிட்டுத்தான் படலையைத் தட்டுவார். தனியாக, பகல்வேளையில், முன்னரே அறிவித்துவிட்டுப் போங்கள். "நான் செய்தது பிழை. அதனால் உங்களுக்கு இன்ன நட்டம் வந்தது. அதை இப்படித் தீர்க்க நினைக்கிறேன். என்னை மன்னிக்கவேண்டும்." இதற்குமேல் விளக்கம் வேண்டாம். "உங்களுக்கு மனவருத்தம் வந்திருந்தால்" என்பது மன்னிப்புக் கேட்பது அல்ல. வராமலிருந்திருக்கலாம் என்று அவருக்குச் சொல்லிக் காட்டுவது. அவர் ஏசினால் கேட்டுக்கொண்டு இருங்கள். மன்னிக்க மறுத்தால் வற்புறுத்தாமல் திரும்புங்கள்; கொடுக்கவேண்டியதை எப்படியும் கொடுங்கள். செத்தவீடு வரும்வரை பார்த்திருக்கவேண்டாம். பிரேதத்துக்கு முன்னால் கட்டிப்பிடித்து அழுது, எட்டுச் செலவு முடிந்ததும் மறுபடி முகம் திருப்பிய குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு.

மற்றவரை மன்னித்தல்

கர்த்தர் கற்பித்த செபத்தில் நமக்குக் கேட்கும் மன்னிப்பை, நாம் கொடுக்கும் மன்னிப்போடு ஒவ்வொரு நாளும் கட்டிவைக்கிறோம். ஆனால் மன்னிப்பு என்ற பெயரில் பாதிக்கப்பட்டவர்மேல் பாரம் ஏற்றும் போதனைகள் நம்மிடையே நிறைய நடமாடுகின்றன. புதியவர்கள் இதைப் பிரித்தறிய வேண்டும். மன்னிப்பது என்பது பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, அந்த மனிதனுடைய நன்மைக்காக இறைவனிடம் வேண்டத் தொடங்குவது. நடந்ததை மறப்பதோ, நடக்கவில்லை என்று சொல்வதோ, மறுபடியும் அவர் கையில் உங்களை ஒப்படைப்பதோ அதில் அடங்கவில்லை. குடித்துவிட்டு அடிக்கும் கணவனை மன்னிக்கும் பெண், அதே வீட்டில் அடி வாங்கிக்கொண்டு இருக்கவேண்டும் என்று எந்தத் திருச்சபைச் சட்டமும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் உறவினரை அவர் கேட்கத் தேவையில்லை.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981ஆம் ஆண்டு மே 13இல் தம்மைச் சுட்டவரை நான்கு நாட்களுக்குள்ளேயே பகிரங்கமாக மன்னித்தார்; 1983இல் சிறைக்கே போய் அவரோடு அமர்ந்து பேசினார். ஆனாலும் அந்த மனிதர் இத்தாலியச் சிறையிலிருந்து விடுதலையானது 2000ஆம் ஆண்டில்தான். மன்னிப்பும் தண்டனையும் ஒரே காலத்தில் இருந்தன. இங்கு காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாயிடம் "மன்னித்துவிடுங்கள்" என்று சொல்ல எவருக்கும் அருகதை இல்லை என்பது என் கருத்து. அவர் உள்ளத்தில் மன்னித்திருக்கவும் கூடும், அதேவேளை உண்மையைக் கேட்டுக்கொண்டும் இருப்பார். இரண்டும் முரணானவை அல்ல. சிறிய அளவில், எல்லைப் பிரச்சினையை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோவதும் மன்னிப்புக்கு எதிரானதல்ல. வெறுப்பில்லாமல் போனால் போதும்.

தொடங்குவதற்கு ஒரு வழி: செபமாலையில் ஒரு பத்தை அந்த நபரின் பெயரைச் சொல்லி ஒப்புக்கொடுங்கள். முதல் சில நாட்கள் பெயரைச் சொல்லவே நாக்கு வராது. அப்போது, மன்னிக்கும் விருப்பத்தையாவது தரும்படி கேளுங்கள். எத்தனை முறை மன்னிக்கவேண்டும் என்று பேதுரு இயேசுவிடம் கேட்டதற்குக் கிடைத்த "எழுபது தடவை ஏழு முறை" என்ற விடை, ஒரே காயத்தை ஒவ்வொரு காலையும் மறுபடி மன்னிக்கவேண்டி வருவோருக்கும் பொருந்தும்.

அதன்பின் அன்றாடம் செய்யவேண்டியது அதிகமில்லை. படுக்கைக்குப் போகுமுன் ஐந்து நிமிடம் அன்றைய நாளைத் திரும்பிப் பாருங்கள்: நன்றி சொல்லவேண்டியது எது, யாரிடம் பிழை விட்டேன், நாளை எதைச் சரிசெய்வது. குடும்பச் செபமாலை முடிந்ததும் ஒருவரிடம் ஒருவர் அன்றைய சுடுசொல்லுக்கு மன்னிப்புக் கேட்கும் வழக்கத்தைப் பெற்றோர் தொடக்கிவைத்தால் பிள்ளைகள் பின்பற்றுவார்கள். பெற்றோர் பிள்ளைகளிடம் கேட்பதுதான் இதில் கடினமான பகுதி. சாவான பாவம் உள்ளவர் வருடத்துக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்பது சட்டம். மாதத்துக்கு ஒருமுறை என்பது நல்ல பழக்கம். அடுத்தமுறை போகும்போது, சென்றமுறை செய்வதாகச் சொன்ன ஈடு எந்த அளவில் நிற்கிறது என்பதையும் குருவுக்குச் சொல்லுங்கள்.

வீட்டில் நோயாளி ஒருவர் படுக்கையில் இருந்தால், நினைவு தப்பும்வரை காத்திருக்காமல் பங்குத்தந்தைக்கு அறிவியுங்கள். அவர் வந்ததும் அறையைவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். முதியவருக்குக் காது கேளாதென்றால், உள்ளே உரக்கப் பேசுவது உங்கள் காதில் விழாதபடி வெளியே வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். குரு போனபின், யாரோடாவது பேசவேண்டுமா என்று நோயாளியிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பெயர், பத்து வருடமாகப் பேச்சில்லாத தம்பியுடையதாக இருக்கலாம். உடனே தொலைபேசி எடுங்கள்; கனடாவில் அப்போது நடுச்சாமம் என்றாலும் எடுங்கள்.